தாத்தா தலையில் முடி இருக்கிறது

நாளைக்குத் தலை சீவி முடித்ததும் சீப்பை உடனே சுத்தம் செய்துவிடாதீர்கள். பல்லிடுக்கில் சிக்கியிருக்கும் முடிகளில் நீளமாக ஒன்றை உருவி எடுங்கள். ஜன்னலோரம் போய் அதன் இரண்டு முனைகளையும் பாருங்கள். ஒரு முனை வெறுமனே முடிந்திருக்கும். இன்னொரு முனையில் கசகசாவை விடச் சின்னதாய், வெள்ளையாய் ஒரு குமிழ் இருக்கும்.

இந்தக் குமிழைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டில் பெரியவர்கள், "ஐயோ, வேரோடு வந்துடுச்சே!" என்று பதறுவார்கள். பதற வேண்டாம், அது வேர் இல்லை. முடி தன் வேலையை முடித்துக்கொண்டு கிளம்பும்போது அடிமுனையை உருட்டி மூடிக்கொள்கிறது. அந்த மூடிதான் இந்தக் குமிழ். பழுத்த பழம் காம்போடு கழன்று விழுந்தால் மரம் பட்டுப்போய்விட்டது என்றா சொல்வோம்? முடியை வளர்க்கும் இடம் உங்கள் தலைத்தோலுக்குள் பத்திரமாக இருக்கிறது.

முடியைக் கீழே போட்டுவிடாதீர்கள், இன்னொரு சோதனை இருக்கிறது. கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் அதை நீளவாக்கில் பிடித்துக்கொண்டு, இரண்டு விரல்களையும் முன்னும் பின்னுமாகத் தேயுங்கள். முடி ஒரே பக்கமாக நகர்ந்துகொண்டே போகும். எத்தனை முறை செய்தாலும் குமிழ் இருக்கும் பக்கம்தான் முன்னே போகும். காரணம், முடியின் மேற்பரப்பு வழவழப்பானது இல்லை. ஓட்டு வீட்டுக் கூரையில் ஓடுகளை ஒன்றின் மேல் ஒன்று ஏற்றி அடுக்குவார்களே, அதுபோல மெல்லிய செதில்கள் முடியைச் சுற்றிலும் அடுக்கப்பட்டிருக்கின்றன. செதில்களின் விளிம்புகள் எல்லாம் நுனியைப் பார்த்தே இருக்கும். அதனால் வேரிலிருந்து நுனிக்குத் தடவினால் வழுக்கும், நுனியிலிருந்து வேருக்குத் தடவினால் உரசும். கூந்தலை மேல்நோக்கி அள்ளித் தேய்த்துக் குளித்தால் சிக்கு விழுவதும் இதனால்தான்.

இனி தோலுக்குள் இறங்கிப் பார்ப்போம். ஒவ்வொரு முடியும் தோலில் 3, 4 மில்லிமீட்டர் ஆழத்துக்குச் சரிவாக இறங்கும் ஒரு குழாய்க்குள் நிற்கிறது. அந்தக் குழாய்க்கு மயிர்க்கால் என்று பெயர். அதன் அடிப்பகுதி சின்ன வெங்காயம் போல உப்பியிருக்கும். உப்பலின் அடியில் ஒரு குழிவு. அந்தக் குழிவுக்குள் ஒரு துளிச் சதை, மொட்டு மாதிரி, புகுந்து உட்கார்ந்திருக்கிறது. டெர்மல் பாப்பில்லா என்பார்கள் மருத்துவர்கள். நாம் மொட்டு என்றே சொல்லிக்கொள்வோம். இந்த மொட்டை மறந்துவிடாதீர்கள், வழுக்கையின் கதை முழுக்க இதைச் சுற்றித்தான் நடக்கப்போகிறது.

மொட்டுக்குள் நுண்ணிய இரத்தக் குழாய்கள் வந்து உணவைக் கொடுக்கின்றன. மொட்டு தன்னைச் சுற்றியுள்ள செல்களுக்கு ஆணையிடுகிறது: பெருகுங்கள்! அவை ஒன்று இரண்டாக, இரண்டு நான்காகப் பெருகுகின்றன. கீழே புதுச் செல்கள் பிறக்கப் பிறக்க, பழையவை மேலே தள்ளப்படுகின்றன. இடியாப்ப உழக்கில் மாவை அழுத்தினால் இழை வருவது போலத்தான். மேலே போகும் வழியில் செல்களுக்குள் கெராட்டின் என்ற புரதம் நிரம்புகிறது, ஈரம் வற்றுகிறது, உயிர் போகிறது. தோலைத் தாண்டி எட்டிப் பார்க்கும்போது அது இறந்த, உறுதியான இழை. நம் நகமும் மாட்டின் கொம்பும் குளம்பும்கூடக் கெராட்டின்தான். விளக்குச் சுடரில் ஒரு முடி பட்டுவிட்டால் அறை முழுக்க ஒரு தீய்ந்த நாற்றம் வருமே, அது இந்தப் புரதத்தில் இருக்கும் கந்தகத்தின் வேலை.

இறந்த இழை என்பதால்தான் முடி வெட்டும்போது வலிப்பதில்லை. பிடுங்கினால் மட்டும் கண்ணில் நீர் வருகிறது. மயிர்க்காலைச் சுற்றி நரம்பு இருக்கிறது. மயிர்க்காலின் பக்கத்தில் குட்டியாக ஒரு தசையும் இருக்கிறது. குளிரிலும் பயத்திலும் அது சுருங்கி முடியை நிமிர்த்திவிடும். புல்லரித்துப் போகிறது என்கிறோமே, அது இந்தத் தசை இழுக்கும் இழுப்பு. குழாய் நேராக இருந்தால் முடி நேராக வரும், வளைந்திருந்தால் சுருட்டையாக வரும். கறுப்பு நிறம் மெலனின் என்ற சாயம். முடி உருவாகும் இடத்திலேயே நிறமிச் செல்கள் அதை ஊட்டுகின்றன. வயதாகி அந்தச் செல்கள் தீர்ந்துபோனால் நரை.

ஒரு கணக்குப் போடலாமா? நம் தலையில் ஏறக்குறைய 1 லட்சம் முடிகள் உண்டு. ஒரு முடி ஒரு நாளில் வளர்வது சுமார் 0.35 மில்லிமீட்டர். கண்ணுக்கே தெரியாத அளவு. ஆனால் 1 லட்சம் இடங்களில் அது நடக்கிறது. ஓய்வில் இருக்கும் முடிகளைக் கழித்துவிட்டால்கூட, ஒரு நாளில் உங்கள் தலை தயாரிக்கும் மொத்த முடி 30 மீட்டர் நீளம் வரும். ஒரு நெட்டைத் தென்னை மர உயரம், ஒரே நாளில்! ஒரு வருடத்துக்கு 11 கிலோமீட்டர். உடம்பில் இவ்வளவு வேகமாகச் செல்கள் பெருகும் இடங்கள் மிகச் சில. புற்றுநோய்க்குத் தரும் பல மருந்துகள் வேகமாகப் பெருகும் செல்களைத் தேடித் தாக்குபவை. நல்ல செல், கெட்ட செல் என்று அவற்றுக்கு முழுதாகப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. அதனால்தான் சிகிச்சையில் இருப்பவர்களுக்கு முடி கொட்டிவிடுகிறது. மொட்டும் குழாயும் அங்கேயே இருப்பதால், சிகிச்சை முடிந்த சில மாதங்களில் பெரும்பாலானவர்களுக்கு மீண்டும் முளைத்துவிடும்.

ஒற்றை முடியைப் பார்த்தால் மாதத்துக்கு 1 சென்டிமீட்டர், வருடத்துக்கு 12 சென்டிமீட்டர். 60 சென்டிமீட்டர் சடை உள்ள ஒரு ஆறாம் வகுப்பு மாணவியை நினைத்துக்கொள்ளுங்கள். அவள் சடையின் நுனி, அவள் ஒன்றாம் வகுப்பில் படித்தபோது தலையை விட்டு வெளியே வந்த முடி. ஐந்து வருட வெயிலையும் எண்ணெயையும் அது பார்த்திருக்கிறது.

அப்படியானால் முடி ஏன் முடிவில்லாமல் வளர்ந்து தரையைத் தொடுவதில்லை? புருவத்தை யாரும் வெட்டுவதில்லை, அது ஏன் கண்ணை மறைப்பதில்லை?

ஒவ்வொரு மயிர்க்காலுக்கும் ஒரு காலண்டர் உண்டு. தலையில் ஒரு முடி 2 முதல் 6 ஆண்டுகள் வரை விடாமல் வளரும். இது வளர்பருவம். பிறகு மொட்டின் ஆணை நின்றுவிடுகிறது. 2, 3 வாரங்களில் குழாயின் கீழ்ப்பாதி சுருங்கி மேலேறுகிறது, முடியின் அடிமுனை குமிழாகிறது. அடுத்த சுமார் 3 மாதம் ஓய்வு. முடி சும்மா நின்றுகொண்டிருக்கும். குழாயின் நடுவே ஒரு மேடு இருக்கிறது. அங்கே தூங்கும் தாய்ச்செல்கள் விழித்து இறங்கி வந்து, மொட்டோடு சேர்ந்து புதுக் குழாயைக் கட்டுகின்றன. புது முடி கிளம்புகிறது. பழையது உங்கள் சீப்புக்கு வருகிறது. புருவ முடியின் வளர்பருவம் சில வாரங்கள்தான், அதற்குள் எவ்வளவு வளர முடியுமோ அவ்வளவுதான் நீளம். முடியின் நீளத்தைப் பெரிதும் தீர்மானிப்பது வேகம் இல்லை, வளர்பருவம் எத்தனை நாள் என்பதே. இதை ஒரு ஓரமாகக் குறித்து வையுங்கள்.

எந்த நேரத்திலும் தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு ஓய்வில் இருக்கும். அதாவது சுமார் 10,000 முடி. அவை 3 மாதத்தில், அதாவது ஏறக்குறைய 100 நாளில், விழுந்தாக வேண்டும். 10,000-ஐ 100-ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு நாளைக்கு 100 முடி விழுவது நியாயமான கணக்கு. இலவ மரம் ஒரே பருவத்தில் இலையை எல்லாம் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்கும். தென்னை அப்படிச் செய்யாது, வருடம் முழுக்க ஒவ்வொரு மட்டையாகக் கழித்துக்கொண்டே இருக்கும், பச்சையாகவும் இருக்கும். நம் தலை தென்னை ரகம்.

ஆனால் சில சமயம் தலையும் இலவ மரம் போல நடந்துகொள்வதுண்டு. டைபாய்டு, டெங்கு மாதிரி கடும் காய்ச்சல் வந்தால் உடம்பு சிக்கனத்துக்கு மாறுகிறது. ஏராளமான மயிர்க்கால்கள் ஒரே நேரத்தில் வேலையை நிறுத்தி ஓய்வுக்குப் போய்விடுகின்றன. ஓய்வு சுமார் 3 மாதம் என்று பார்த்தோம் இல்லையா? அதனால் காய்ச்சல் போய், உடம்பு தேறி, எல்லோரும் அதை மறந்த பிறகு கொத்துக் கொத்தாக முடி கொட்டும். "இப்போதானே ஷாம்பு மாத்தினேன், அதான்" என்று பாவம் ஷாம்பு மேல் பழி விழும். குழந்தை பெற்ற தாய்மார்களுக்கும் இதே கதை. கர்ப்ப காலத்தில் ஹார்மோன்கள் முடியை வளர்பருவத்திலேயே பிடித்து வைத்திருக்கின்றன. பிரசவமானதும் பிடி விடுகிறது. இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொட்டத் தொடங்குகிறது. எங்கள் பாட்டி, "புள்ள மொகம் பாத்துச் சிரிக்க ஆரம்பிச்சா ஆத்தாளுக்கு முடி கொட்டும்" என்பார். குழந்தை சிரிப்பதற்கும் முடி கொட்டுவதற்கும் தொடர்பு கிடையாது. ஆனால் குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்குவதும் அதே இரண்டாம், மூன்றாம் மாதத்தில்தான். பாட்டி காலத்தைச் சரியாகக் கவனித்திருக்கிறார், எனக்கு அது பெரிய விஷயமாகப் படுகிறது. இப்படிக் கொட்டும் முடி பெரும்பாலும் சில மாதங்களில் தானே திரும்பி வந்துவிடும்.

பாட்டிமார் சொல்லும் இன்னொன்று மட்டும் சரியில்லை. மொட்டை போட்டால் முடி அடர்த்தியாக முளைக்கும் என்பது அது. பழநிக்கு நேர்ந்துகொண்டு முடி கொடுப்பது நம்பிக்கை சார்ந்தது, அதை விட்டுவிடுவோம். அடர்த்தி கூடுமா என்பது அளந்து பார்க்கக்கூடிய கேள்வி, அளந்தும் பார்த்துவிட்டார்கள். மில்ட்ரெட் டிராட்டர் என்ற அமெரிக்க உடற்கூறியல் அறிஞர், ஆண்கள் நான்கு பேரின் சவரம் செய்த முடிகளைச் சேகரித்து நுண்ணோக்கியில் அளந்து 1928-ல் முடிவை வெளியிட்டார். முடி தடிக்கவும் இல்லை, வேகமாக வளரவும் இல்லை. கத்தி படுவது இறந்த இழையில். கீழே இருக்கும் மொட்டுக்கு அந்தச் செய்தி போய்ச் சேருவதே இல்லை. பிறகு ஏன் மொட்டைத் தலையைத் தடவினால் சொரசொரவென்று இருக்கிறது? நெல் அறுத்த வயலில் வெறுங்காலோடு நடந்திருக்கிறீர்களா? தாள் குத்தும். பயிராக நின்றபோது அதே தாள் குத்தவில்லை. முடியும் இயல்பில் நுனி மெலிந்து கூராக முடியும். வெட்டினால் நடுத்தடிமன் மழுங்கலாக வெளியே தெரியும், அவ்வளவே.

இனி வழுக்கைக்கு வருவோம்.

என் அப்பாவுக்கு வயது 74. நெற்றியில் தொடங்கி உச்சி வரை பளபளவென்று இருக்கும். காதுக்கு மேலும் பிடரியிலும் மட்டும் வெள்ளை முடி, அது அடர்த்தியாகவே இருக்கும். போன விடுமுறைக்கு என் அக்கா மகள் வந்திருந்தாள். ஆறாம் வகுப்பு. தாத்தா பேப்பர் படிக்க வைத்திருக்கும் பூதக்கண்ணாடி அவள் கைக்குப் போய்விட்டது. உப்பு, எறும்பு, தாத்தாவின் வெற்றிலை நரம்பு என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தவள், கடைசியில் தாத்தாவின் தலைக்கு வந்தாள். வெயிலில் பூதக்கண்ணாடியைத் தோலுக்கு மேல் பிடிக்கவே கூடாது, சுட்டுவிடும். அதனால் தாத்தாவை அறைக்குள் முக்காலியில் உட்கார வைத்து, ஜன்னலைச் சாத்தி, டார்ச்சைப் பக்கவாட்டில் நான் பிடித்துக்கொண்டேன்.

"மாமா! தாத்தா தலையில முடி இருக்கு!"

"எங்கம்மா? இந்தப் பக்கம்தானே?" என்று அப்பா பிடரியைத் தடவினார்.

"இல்ல தாத்தா, நடு உச்சியில. நெறைய இருக்கு. குட்டிக் குட்டியா."

நானும் குனிந்து பார்த்தேன். சாய்வாக விழுந்த வெளிச்சத்தில், பளபளக்கும் தோல் முழுக்க, பச்சைக் குழந்தையின் கன்னத்தில் இருக்குமே அந்த மாதிரிப் பூனைமுடி. நிறமில்லாமல், ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீளத்தில், நூற்றுக்கணக்கில்.

வழுக்கை என்றால் முடி எல்லாம் கொட்டிப் போய்விட்ட வெற்றிடம் என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படி இல்லை. மயிர்க்கால்கள் அங்கே இருக்கின்றன, முடியும் முளைக்கிறது. என்ன, அவை சிறுத்துப் போய்விட்டன. முன்பு 5 வருடம் வளர்ந்த முடி, அடுத்த முறை 3 வருடத்தில் நின்றுவிடுகிறது. அடுத்த முறை 1 வருடம், பிறகு சில மாதம், பிறகு சில வாரம். ஒவ்வொரு சுற்றிலும் மொட்டும் கொஞ்சம் சிறுக்கிறது, குழாய் மேலேறுகிறது, இழை மெலிகிறது, நிறம் வெளுக்கிறது. வளர்பருவம்தான் நீளம் என்று குறித்து வைத்தோமே, அதே கணக்கு. புருவத்தை விடவும் குறைந்த காலம் வளரும் முடி கண்ணுக்குத் தெரியாது. சீப்பில் வரும் முடியை எண்ணி எண்ணிக் கவலைப்படுகிறவர்கள் பார்க்க வேண்டிய இடம் வேறு. விழுந்த முடிக்குப் பதிலாக வரும் புது முடி பழையதைப் போலவே தடிமனாக வருகிறதா என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

மொட்டு ஏன் சிறுக்கிறது? சிறுவர்களுக்கும் பெண்களுக்கும் இப்படி வழுக்கை விழுவதில்லை என்பதை 2,300 ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்கத்தில் அரிஸ்டாட்டில் கவனித்து எழுதியிருக்கிறார். விடை கிடைக்க 1942 வரை ஆயிற்று. அமெரிக்காவில் ஜேம்ஸ் ஹாமில்டன் என்ற ஆய்வாளர், சிறுவயதிலேயே ஆண் ஹார்மோன் சுரக்காமல் போன ஆண்களை ஆராய்ந்தார். வயதாகியும் அவர்களுக்கு வழுக்கை விழவில்லை. அவர்களுக்கு மருந்தாக அந்த ஹார்மோனைக் கொடுத்தபோது, சிலருக்கு முன்நெற்றி ஏறத் தொடங்கியது. எல்லோருக்கும் அல்ல, எந்தக் குடும்பத்தில் வழுக்கை உண்டோ அந்தக் குடும்பத்துக்காரர்களுக்கு. ஆக இரண்டு பேர் கைகோக்க வேண்டும்: ஒன்று ஹார்மோன், இன்னொன்று பரம்பரை.

அந்த ஹார்மோனின் பெயர் டெஸ்டோஸ்டிரோன். பையன்கள் வளர்ந்து பெரியவர்களாகும்போது குரல் உடைவதும் மீசை முளைப்பதும் இதனால்தான். தலைத்தோலில் உள்ள ஒரு நொதி இதை இன்னும் வலுவான டைஹைட்ரோ டெஸ்டோஸ்டிரோனாக மாற்றிவிடுகிறது. மொட்டைச் சிறுக்க வைப்பது அதுதான். டொமினிக்கன் குடியரசில், இந்த நொதி பிறவியிலேயே சரியாக வேலை செய்யாத சில குடும்பங்களை ஜூலியான் இம்பெராட்டோ-மெக்கின்லி என்ற மருத்துவர் ஆராய்ந்து 1974-ல் எழுதினார். அந்த ஆண்களுக்கு முன்நெற்றி ஏறவே இல்லை. அதே வழியில் போய், நொதியைத் தடுக்கும் மாத்திரை ஒன்றைச் செய்து, 1997-ல் அமெரிக்காவில் வழுக்கைக்கு அனுமதித்தார்கள். அது வளர்ந்த ஆண்கள், மருத்துவர் சொன்னால் மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டிய மருந்து.

எனக்கு இதில் மிகவும் பிடித்த புதிர் ஒன்று உண்டு. தலையில் முடியைச் சிறுக்க வைக்கும் அதே ஹார்மோன்தான் தாடியைத் தடிக்க வைக்கிறது. என் அப்பாவுக்குத் தலையில் வழுக்கை, முகத்தில் இரண்டு நாள் சவரம் செய்யாவிட்டால் முள்தாடி. ஒரே இரத்தம், ஒரே ஹார்மோன். மழை ஒன்றுதான், நெல் வயலுக்கு அது உயிர், வேதாரண்யத்து உப்பளத்துக்கு அது நஷ்டம். பெய்யும் மழையை விட, அதை வாங்கிக்கொள்ளும் நிலம் எது என்பதே முக்கியம். தாடையில் உள்ள மொட்டு ஒரு மாதிரி, உச்சந்தலை மொட்டு வேறு மாதிரி, பிடரியில் உள்ள மொட்டு இந்த ஹார்மோனைக் கண்டுகொள்வதே இல்லை.

இதை அழகாக நிரூபித்தவர் நியூயார்க்கில் இருந்த தோல் மருத்துவர் நார்மன் ஒரென்ட்ரைக். 1952-ல் அவர் ஒருவரின் பிடரியிலிருந்து மயிர்க்கால்களைத் தோலோடு சிறு சிறு வட்டமாக எடுத்து, வழுக்கை விழுந்த இடத்தில் நட்டார். நாற்றங்காலில் பறித்து வயலில் நடுவது போல. வழுக்கை நிலத்தில் நட்டது நாளடைவில் சிறுத்துப் போக வேண்டும் அல்லவா? போகவில்லை. உச்சியில் நின்றுகொண்டு பிடரி முடி போலவே வளர்ந்தது. குணம் நிலத்தில் இல்லை, நாற்றில் இருக்கிறது. தொப்பி போட்டால், ஹெல்மெட் போட்டால் வழுக்கை விழும், உச்சியில் இரத்த ஓட்டம் போதவில்லை என்ற பேச்செல்லாம் இந்த ஒரு சோதனையில் அடிபட்டுப் போகிறது. இன்றைக்குச் செய்யப்படும் முடி நடும் சிகிச்சை எல்லாம் இந்த உண்மையின் மேல்தான் நிற்கிறது. ஜப்பானில் ஷோஜி ஒகுடா என்ற மருத்துவர் 1939-லேயே, தீப்புண் தழும்பு உள்ளவர்களுக்கு முடி நட்டு அதை எழுதி வைத்திருந்தார். அடுத்து வந்த உலகப்போரில் அது வெளியுலகுக்குத் தெரியாமலே போய்விட்டது.

"அப்போ அண்ணனுக்கும் வழுக்கை விழுமா மாமா?" என்று கேட்டாள் அக்கா மகள். அவள் அண்ணன் பத்தாம் வகுப்பு. அவன் தலைமுடியில் அவளுக்கு அக்கறை.

இது பரம்பரைக் கேள்வி. ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் கொக்கி ஒன்று மொட்டில் இருக்கிறது. அதைச் செய்யும் மரபணு எக்ஸ் குரோமோசோமில் உள்ளது. ஆண்பிள்ளைக்கு எக்ஸ் அம்மாவிடமிருந்து மட்டுமே வரும். எனவே அந்த மரபணு என் அப்பாவிடமிருந்து எனக்கு வரவே முடியாது. என் அக்காவுக்கு வந்திருக்கிறது, அவள் வழியாக அவள் மகனுக்குப் போயிருக்க வாய்ப்பு பாதிக்குப் பாதி. தாய்வழித் தாத்தாவைப் பார்த்தால் தெரியும் என்று சொல்வதற்கு இதுதான் அடிப்படை. ஆனால் அதோடு முடிந்துவிடவில்லை. பிரிட்டனில் 52,000-க்கும் மேற்பட்ட ஆண்களின் மரபணுக்களை ஒப்பிட்ட ஆய்வு 2017-ல் வந்தது. வழுக்கையோடு தொடர்புடைய 250-க்கும் மேற்பட்ட மரபணு இடங்கள் அதில் தெரியவந்தன. அவற்றில் பெரும்பாலானவை எக்ஸ் குரோமோசோமில் இல்லை, அப்பா வழியாகவும் வரலாம். ஆகவே ஒரு தாத்தாவை மட்டும் பார்த்துச் சோதிடம் சொல்ல முடியாது என்று அவளிடம் சொன்னேன். வழுக்கை மனிதனுக்கு மட்டும் உள்ளதும் அல்ல. வடகிழக்கு இந்தியக் காடுகளில் வாழும் ஒரு வகைக் குட்டைவால் குரங்குக்கும் வயதாகும்போது நெற்றி ஏறி வழுக்கை விழுகிறது, பெண் குரங்குகளுக்கும்கூட.

பெண்களுக்கு வயதாகும்போது பெரும்பாலும் நெற்றி ஏறுவதில்லை, வகிடு அகலமாகிக்கொண்டே வரும். இன்னொரு விஷயத்தைப் பெண்பிள்ளைகளுக்கும் அவர்களுக்குத் தலை பின்னிவிடுகிறவர்களுக்கும் சொல்ல வேண்டும். இரட்டைச் சடையை நெற்றி தெறிக்க இறுக்கிப் பின்னி வருடக்கணக்கில் இழுத்துக் கட்டினால், நெற்றியோர மயிர்க்கால்கள் இழுபட்டு இழுபட்டுத் தழும்பாகிவிடும். அங்கே போன முடி திரும்பாது. வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் தளர்த்திவிடுங்கள்.

சில பிள்ளைகளின் தலையில் நாணயம் அளவுக்கு வட்டமாக, வழவழவென்று முடி போயிருக்கும். புழுவெட்டு என்கிறோம். பெயரில்தான் புழு, உள்ளே எந்தப் புழுவும் வெட்டவில்லை. நோய்க்கிருமிகளோடு சண்டை போட வேண்டிய வெள்ளை அணுக்கள், ஆள் தெரியாமல் நம்முடைய மயிர்க்காலையே பகை என்று நினைத்துச் சூழ்ந்துகொள்கின்றன. நுண்ணோக்கியில் பார்த்தால் மயிர்க்காலின் அடியைத் தேனீக்கூட்டம் மொய்ப்பது போல இருக்கும். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு இது ஒட்டவே ஒட்டாது. உங்கள் வகுப்பில் அப்படி ஒருவர் இருந்தால், அவர் சீப்பைத் தொட்டாலும் பக்கத்தில் உட்கார்ந்தாலும் உங்களுக்கு ஒன்றும் ஆகாது. சின்ன வட்டங்கள் பலருக்கு ஒரு வருடத்துக்குள் தானே நிரம்பிவிடும். முதலில் வெள்ளையாக முளைத்துப் பிறகு கறுப்பதும் உண்டு. வட்டம் பொருக்கும் அரிப்புமாக, முடி ஒடிந்து ஒடிந்து இருந்தால் அது வேறு, படர்தாமரைப் பூஞ்சை. அது ஒட்டும், மருந்துக்கு நன்றாகக் கேட்கும். எதுவாக இருந்தாலும் மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும்.

எண்ணெய் தேய்த்தால் முடி வளருமா என்று கேட்கிறீர்கள் அல்லவா? தேங்காய் எண்ணெய் முடியின் இழைக்குள் ஊடுருவி, கழுவும்போது புரதம் கரைந்து போவதைக் குறைக்கிறது என்று 2003-ல் வெளியான இந்திய ஆய்வு ஒன்று காட்டியது. இருக்கும் முடியை அது காக்கும், நுனி பிளக்காமல் பார்த்துக்கொள்ளும். சிறுத்துப் போன மொட்டைப் பெரிதாக்காது. முடி வளர்க்கும் மினாக்சிடில் என்ற மருந்தோ தற்செயலாக வந்தது. இரத்த அழுத்தத்துக்கு அதை மாத்திரையாகச் சாப்பிட்டவர்களுக்கு நெற்றியிலும் கையிலும் முடி முளைப்பதைப் பார்த்து, தலையில் தடவும் நீராகச் செய்து, 1988-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு விட்டார்கள். சிலருக்குப் பலன் தருகிறது. நிறுத்தினால் பலனும் போய்விடும்.

மொட்டையே புதிதாக வளர்த்தெடுக்க முடியாதா? இங்கிலாந்தில் டர்ஹம் பல்கலைக்கழகத்தின் காலின் ஜஹோடா இதற்காகவே உழைத்தவர். தன் தலையிலிருந்து மயிர்க்காலின் அடிப்பகுதி உறைச் செல்களை எடுத்து, தன் மனைவியும் சக ஆய்வாளருமான அமாண்டா ரெனால்ட்ஸின் முன்கையில் வைத்தார். அந்த இடத்தில் முடி முளைத்தது. கை முடி போல மெல்லியதாக இல்லாமல், நல்ல தடிமனாக. 1999-ல் இந்தச் செய்தி வந்தது. ஒரு சில செல்கள் பக்கத்துத் தோலைப் பார்த்து ஆணையிட்டால் போதும், புது மயிர்க்கால் உருவாகிவிடுகிறது!

அப்படியானால் ஆய்வகத்தில் மொட்டுச் செல்களை லட்சக்கணக்கில் பெருக்கி எல்லோருக்கும் வைத்துவிடலாமே? அங்கேதான் சிக்கல் வந்தது. கண்ணாடித் தட்டில் பரப்பி வளர்த்தால் மனித மொட்டுச் செல்கள் ஆணையிடும் குணத்தை மறந்துவிடுகின்றன. எலியின் செல்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. எலியினுடையவை தட்டில் வளரும்போதும் ஒன்றுகூடிக் குட்டி உருண்டையாகிக்கொள்கின்றன, மனிதனுடையவை சிதறிப் படர்கின்றன. 2013-ல் ஜஹோடாவும் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்களும் ஒரு எளிய வேலை செய்தார்கள். செல்கள் உள்ள திரவத்தைத் துளித்துளியாகத் தட்டில் வைத்து, தட்டைத் தலைகீழாகக் கவிழ்த்தார்கள். துளிகள் தொங்கின. தொங்கும் துளியின் அடிக்குச் செல்கள் எல்லாம் இறங்கிக் கூடி, உருண்டை பிடித்தன. உருண்டையான செல்களுக்குப் பழைய குணம் ஓரளவு திரும்பியிருந்தது. ஏழு பேரிடமிருந்து எடுத்த செல்களில், ஐந்து பேருடையவை மனிதத் தோலில் புது முடியை முளைக்க வைத்தன. அந்த முடி இன்னும் சின்னதுதான். உருண்டைகளை நல்ல தடித்த முடி தரும் அளவுக்குத் தேற்றும் வேலை ஆய்வகங்களில் நடந்துகொண்டிருக்கிறது. இதைப் படிக்கிற யாராவது ஒருவர் பெரியவராகி அந்தத் தட்டைக் கையில் எடுத்தால் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

அன்றைக்கு என் அக்கா மகள் தாத்தாவின் உச்சியில் செலோ டேப்பை லேசாக ஒட்டி எடுத்தாள். "வலிக்குதா தாத்தா?" "இல்லம்மா, எடுத்துக்கோ." டேப்பில் ஒரே ஒரு பூனைமுடி வந்திருந்தது. அதை அறிவியல் நோட்டில் ஒட்டி, பக்கத்தில் சீப்பிலிருந்து எடுத்த தன் முடியைச் சுருட்டி ஒட்டினாள். ஸ்கேல் வைத்து அளந்தாள். தன்னுடையது 58 சென்டிமீட்டர். தாத்தாவுடையதற்கு ஸ்கேலில் முதல் கோட்டுக்கும் இரண்டாம் கோட்டுக்கும் நடுவே கண்ணைச் சுருக்கிப் பார்த்து, ஒன்றரை மில்லிமீட்டர் என்று எழுதினாள். கீழே தேதி போட்டாள்.